கல்லுக்கு அடியில் ரத்தம்

லோஜனின் மூக்கில் விழுந்த குத்து அவனைத் தூக்கிக்கொண்டுபோய் மரக்கறிக் கொட்டிலின் தகரச் சுவரில் சாத்தியது. அடுக்கியிருந்த முட்டைக்கோவா மூட்டை ஒன்று சரிந்து அவன் மடியில் வந்து விழுந்தது. வாயெல்லாம் ரத்தம். எழுந்திருக்கப் பார்த்தான். கால் கேட்கவில்லை.

மூக்கன் இரண்டாவது குத்துக்குக் கையை ஓங்கினான். ஆறடி உயரம், எருமைக் கழுத்து. அந்தக் கை இறங்கியிருந்தால் லோஜனின் தாடை இரண்டாகியிருக்கும்.

இறங்கவில்லை. பின்னால் வந்த நாகலெட்சுமி, உடைந்த பெட்டிப் பலகை ஒன்றால் அவன் முழங்காலுக்குப் பின்பக்கம் ஓங்கி அடித்தாள். மூக்கன் மடங்கி விழுந்தான். விழுந்த வேகத்தில் அவள் காலைப் பிடித்து இழுத்தான். இருவரும் சேற்றிலும் லீக்ஸ் தழையிலும் புரண்டார்கள். அவன் விரல்கள் அவள் தொண்டையைத் தேடி வந்தபோது, அவள் நெற்றியால் அவன் உதட்டில் மோதினாள். பல்லில் பட்டு அவள் நெற்றியும் கிழிந்தது. ஆனால் அவன் பிடி தளர்ந்தது. அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, அவன் இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றாலேயே அவன் கைகளைக் கட்டினாள்.

நாகலெட்சுமி பொலிஸில் சார்ஜன்ட்டாக இருந்தவள். மேலதிகாரி ஒருவரின் கன்னத்தில் அறைந்துவிட்டு வேலையை விட்டு வந்து, ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். லோஜன் அவளுடைய ஒரே உதவியாள். வட்டகொடைக்காரன். வேன் ஓட்டுவான், போட்டோ எடுப்பான், அடி வாங்குவான். இந்த மூன்றையும் செய்துகொண்டே பேசுவான்.

"அக்கா, ஆள் கிடைச்சிட்டான்னு எழுதிக்கங்க" என்றான் லோஜன், மூக்கைப் பொத்தியபடி. "என் மூக்கக் காணோம், அதையும் கொஞ்சம் தேடுங்க."

அவர்கள் மூக்கனைத் தேடி வந்ததற்குக் காரணம் ஒரு கொலை.

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் சீசன். கொழும்பிலிருந்து வரும் வாகனங்களை நிறுத்த ஊரில் இடம் போதாது. பல வருடமாக அந்த இடத்தை மூக்கனின் ஆட்கள் விற்றார்கள். ரோட்டோரத்தில் இரும்புக் கம்பிகளை நட்டு, கயிறு கட்டி வைப்பார்கள். காசு கொடுத்தால் கயிறு அவிழும். கொடுக்காதவனின் டயரில் காற்று இறங்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் பிரியந்தி என்ற பெண் அதற்கு ஒரு முடிவு கட்டினாள். 'இடமிருக்கு' என்று ஒரு செயலியை உண்டாக்கினாள். வீட்டு முற்றம் சும்மா கிடக்கிறவர்கள் அதில் பதியலாம். வாகனக்காரர்கள் போனிலேயே இடம் பிடித்து, நேரே அந்த வீட்டுக்குப் போய் நிறுத்தலாம். ஊர் முழுக்க முற்றங்கள் வாடகைக்கு வந்தன. மூக்கனின் கயிறுகள் மழையில் நனைந்து கிடந்தன.

வியாழக்கிழமை, டயகமவைச் சேர்ந்த அழகுமுத்து என்ற வேன் சாரதி மூக்கனின் கயிற்றைத் தாண்டிக்கொண்டு, ஹுசைன் என்பவரின் முற்றத்தில் வேனை நிறுத்தினார். செயலியில் இரண்டு நாளைக்கு அந்த இடத்தை அவர் பிடித்து வைத்திருந்தார். மூக்கன் நடுரோட்டில் வைத்து அவருடைய முன்பல்லை உடைத்தான். சந்தை முழுக்கப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதே முற்றத்தில், தன் வேனுக்குப் பக்கத்தில், மண்டை பிளந்து அழகுமுத்து செத்துக் கிடந்தார். பக்கத்துச் சாக்கடைக் கானில் மூக்கனின் இரும்புக் கம்பி ஒன்று கிடந்தது. மூக்கன் தலைமறைவானான். மறுநாள் காலையில் பிரியந்தியே ஹட்டனுக்கு வந்து, பொலிஸ் தூங்குகிறது, நீங்கள் அவனைப் பிடித்துக் கொடுங்கள் என்று நாகலெட்சுமியிடம் அழுதாள். ஒரு நாளில் பிடித்தும் விட்டார்கள்.

"என்னைக் கொண்டுபோய்க் குடுங்க மேடம்" என்றான் மூக்கன், சேற்றில் கன்னத்தை வைத்தபடி. "ஆனா நான் அந்த மனுசனக் கொல்லல. பல்ல ஒடச்சது நான்தான். மறுநாள் அந்தப் பக்கமே போகல."

"உன் கம்பி அங்க கிடந்துச்சே."

"என் கம்பி ரோடு பூரா நட்டிருக்கு. புடுங்குறவன் புடுங்கிக்கலாம்." அவன் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். "மண்டையில பின்னாடி அடிச்சிருக்குன்னு பேசிக்கிறாங்க. நான் அடிச்சா மூஞ்சியிலதான் அடிப்பேன் மேடம். ஊர்ல யாரையும் கேளுங்க."

"அதுக்கு நானே சாட்சி" என்றான் லோஜன்.

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. அவள் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு லோஜனிடம், பிரியந்திக்கு போன் பண்ணி, ஆள் கிடைத்துவிட்டான், ஹுசைன் வீட்டுக்கு வரட்டும் என்று சொல்லச் சொன்னாள். பொலிஸுக்கு ஏன் போகவில்லை என்று அவன் கேட்டான்.

"முந்தின நாள் பல்ல ஒடச்சவன் பின்னால நிக்கிறான். அவனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நீ நிப்பியா?" என்றாள் அவள்.

லோஜன் வேனை எடுத்தான்.

*

ஹுசைனின் வீடு ஒரு சரிவில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால், மேலிருந்து கேட் வரைக்கும் இறங்கும் முற்றம். ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வண்டிகளை நிறுத்த முடியும். உள்ளே நிற்கிற வண்டி வெளியே போக வேண்டுமென்றால் முன்னால் நிற்பதை நகர்த்த வேண்டும். அதனால் சாரதிகள் சாவியை அங்கேயே கொடுத்துவிட்டுப் போவார்கள். சாவிகள் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கும்.

அழகுமுத்துவின் பழைய வெள்ளை வேன் மட்டும்தான் இப்போது அங்கே நின்றது. கேட்டைப் பார்த்த முகம். சரிவில் உருளாமலிருக்க, முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு பெரிய கருங்கல். வெள்ளி சாயந்தரம் பெய்த பேய்மழை முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தது. ஒரு மனிதன் அங்கே செத்ததற்கு அடையாளமாக ஒரு பொட்டு ரத்தம்கூட மிச்சமில்லை.

மூக்கனைக் கட்டிய கையோடு வீட்டுப் படியில் உட்கார வைத்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

பொலிஸின் கணக்கு எளிமையானது. அழகுமுத்து வேனை எடுக்க வந்தார். ஒளிந்திருந்த மூக்கன் பாய்ந்து அடித்தான். சாவி அப்போது பெட்டிக்குள்தான் இருந்தது. பூட்டிய பெட்டியிலிருந்து பொலிஸே அதை எடுத்து, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. சக்கரக் கல்லும் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆகவே அவர் வேனைத் தொடக்கூட இல்லை.

நாகலெட்சுமி வேனைச் சுற்றி வந்தாள். சாரதிப் பக்கக் கதவு பூட்டியிருக்கவில்லை. கியரும் ஹேன்ட்பிரேக்கும் போட்டிருந்தன. அவள் பார்வை திரும்பத் திரும்பக் கருங்கல்லிலேயே போய் நின்றது.

"இந்தக் கல்ல யாராவது எடுத்துப் பாத்தாங்களா?"

"எடுத்தா வேன் கேட்ட ஒடச்சிக்கிட்டுப் போயிருமே. பொலிஸ்காரங்களுக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்குல்ல" என்றான் லோஜன்.

அவள் வேலியோரத்தில் கிடந்த செங்கல் ஒன்றைக் கொண்டுவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். பிறகு இரண்டு கையாலும் கருங்கல்லை அசைத்துத் தூக்கினாள். வேன் ஒரு விரல் முன்னால் வந்து நின்றது.

லோஜன் குனிந்து பார்த்தான்.

கல் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது. அந்தக் காய்ந்த வட்டத்தின் நடுவே கறுத்துப்போன ரத்தம், உள்ளங்கை அகலத்துக்கு. மழை அதைத் தொடவில்லை.

"ரத்தம் கல்லுக்கு மேல தெறிக்கலாம், பக்கத்துல தெறிக்கலாம்" என்றாள் நாகலெட்சுமி. "அடியில எப்படிப் போகும்?"

லோஜன் மெதுவாகச் சொன்னான். "ரத்தம் விழுந்தப்புறம் கல்ல வெச்சிருக்காங்க."

"அப்படின்னா அந்த மனுசன் கல்ல எடுத்துட்டாரு. கல்ல எடுக்கக் குனிஞ்சப்பதான் பின்னால அடி விழுந்திருக்கு. சாவி கைக்கு வராம எவனும் கல்ல எடுக்க மாட்டான். அவரு கிளம்பிக்கிட்டு இருந்தாரு. கொன்ன ஆள், அவரு வேனத் தொடவே இல்லன்னு காட்டுறதுக்காகக் கல்லத் திருப்பி வெச்சிட்டு, சாவியையும் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டியிருக்கு."

படியிலிருந்த மூக்கன் நிமிர்ந்தான். "பெட்டிச் சாவி எனக்கு ஏது மேடம்?"

அந்தக் கேள்விக்கு வீட்டுக்குள் ஒருவர் பதில் வைத்திருந்தார்.

ஹுசைனுக்கு அறுபது வயது. துணிக்கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது. நாகலெட்சுமி முந்தின நாளும் அவரிடம் பேசியிருந்தாள். மூக்கனைப் பார்த்தீர்களா என்று கேட்டாள், இல்லை என்றார், போய்விட்டாள். பொலிஸும் அதையேதான் கேட்டிருந்தது. இன்றைக்கு அவள் வேறு விதமாகக் கேட்டாள்.

"நானா, வெள்ளிக்கிழமை நீங்க ஜும்ஆவுக்குப் போனப்ப பெட்டிய யார்கிட்ட குடுத்தீங்க?"

"அந்த ஆப் புள்ளக்கிட்டதான்" என்றார் ஹுசைன். "பிரியந்தி. நான் பள்ளிக்குப் போற நேரம் ஒவ்வொரு வெள்ளியும் அது வந்து இந்தக் கதிரையில குந்தும். எனக்கு நல்லா ஞாபகம் ஈக்கி, அன்டைக்கும் வந்திச்சி."

லோஜன் நாகலெட்சுமியைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை தான் அலுவலகத்தை விட்டு நகரவே இல்லை என்று பிரியந்தி அவர்களிடம் சொல்லியிருந்தாள்.

ஹுசைன் நிறுத்தவில்லை. யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவர்போல மளமளவென்று சொன்னார். வெள்ளி காலையில் வேனை விட வந்த அழகுமுத்து, உடைந்த பல்லோடு சிரித்துக்கொண்டே சாவியை நீட்டி, உங்கள் வீட்டில் சாவியைக் குளிப்பாட்டுவீர்களா என்று கேட்டாராம். சாவியின் பள்ளத்தில் ரோஸ் நிறத்தில் சோப்பு அப்பியிருந்தது. முதல் நாள் இங்கே விட்டு எடுத்த பிறகுதான் அப்படி இருக்கிறது என்றாராம். முதல் நாள் பிரியந்தி கணக்குப் பார்க்க வந்து பெட்டியைத் திறந்திருந்தாள்; ஆனாலும் ஹுசைனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான்தான் தங்கச்சி சென்னேன்" என்றார். "மத்தியானம் அந்தப் புள்ள வரும், அதுக்கிட்ட கேளுங்கன்டு நான்தான் சென்னேன்."

சோப்புக் கட்டியில் சாவியை அழுத்தி எடுத்தால் அச்சு விழும். அச்சிலிருந்து கள்ளச் சாவி செய்யலாம். பழைய வேன்களுக்கு அது போதும். கடந்த வருடம் தலவாக்கலையில் ஒன்று, மஸ்கெலியாவில் கோயில் வாசலில் ஒன்று என்று எத்தனையோ வேன்கள் காணாமல் போயிருந்தன. கண்ணாடி உடையவில்லை, பூட்டு உடையவில்லை. மஸ்கெலியா வேன் லோஜனின் மச்சானுடையது. அதைக் கடைசியாக நுவரெலியாவில் எங்கே நிறுத்தினாய் என்று லோஜன் உடனே போனில் கேட்டான். செயலியில் பிடித்த ஒரு முற்றத்தில்தான். செயலியில் சாரதியின் பெயர், ஊர், வண்டி இலக்கம் எல்லாம் பதிவாகியிருக்கும். வண்டி இரவில் எங்கே தூங்கும் என்று தேடி அலையவே தேவையில்லை.

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டி ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

பிரியந்தி மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் குறுக்காகத் தொங்கிய பையை ஒரு கை எப்போதும் பிடித்திருந்தது. மூக்கனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. நேரே வந்து நாகலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். இவனை இன்னும் ஏன் இங்கே வைத்திருக்கிறீர்கள், பொலிஸுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டாள். பேசிக்கொண்டே அவள் வேனின் கதவோரம் வந்து நின்றாள்.

நாகலெட்சுமி இன்னும் அந்தக் கருங்கல்லைக் கையில் வைத்திருந்தாள். "ஒரே ஒரு கேள்வி தங்கச்சி. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாவிப் பெட்டிய யாரு பாத்துக்கிட்டா?"

"ஹுசைன் நானாதான். வேற யாரு?"

"நான் பள்ளியில ஈந்தேன்" என்றார் ஹுசைன், வீட்டு வாசலிலிருந்து.

பிரியந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாகலெட்சுமியின் காலடியில் தரையைப் பார்த்தாள். கல் இருந்த இடம், அதில் கறுத்த ரத்தம். கேட்டுக்கும் அவளுக்கும் நடுவில் லோஜன் நின்றான். அவள் அழவில்லை, மறுக்கவுமில்லை. கதவைத் திறந்து வேனுக்குள் ஏறினாள்.

லோஜன் சிரித்தே விட்டான். சாவி பொலிஸ் ஸ்டேஷனில் இருக்கிறது, எங்கே போவாள்?

வேன் ஸ்டார்ட் ஆனது.

அடுத்த கணம் பின்சக்கரத்துச் செங்கல் நொறுங்கித் தெறித்தது. வேன் உறுமிக்கொண்டு சரிவில் பாய்ந்தது. நாகலெட்சுமி நேர் எதிரே நின்றாள். கையிலிருந்த கருங்கல்லை முழுப் பலத்தோடு முன்கண்ணாடியில் எறிந்துவிட்டுப் பக்கவாட்டில் விழுந்தாள். பம்பர் அவள் தொடையைச் சீவிக்கொண்டு போனது. கண்ணாடி பொடிப்பொடியாக உள்ளே கொட்டியது. ஸ்டியரிங் திரும்பி, வேன் வீட்டுப் பக்கம் வளைந்தது.

வாசலில் ஹுசைன் அசையாமல் நின்றிருந்தார். மூக்கன் படியிலிருந்து எழும்பி, கட்டிய கையோடு தோளால் அவரை இடித்து உள்ளே தள்ளினான். அவன் காலை இழுக்குமுன் சக்கரம் பாதத்தின் மேல் ஏறியது. எலும்பு முறிந்த சத்தம் லோஜனுக்குக் கேட்டது. வேன் படியில் மோதி, தூணைச் சாய்த்து, சுவரில் முட்டி நின்றது.

லோஜன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். பிரியந்தியின் முகத்தில் கண்ணாடிச் சில்லுகள் குத்தியிருந்தன. ஆனால் கையில் வீல் ஸ்பானர் இருந்தது. முதல் வீச்சு அவன் தோள்பட்டையில் விழுந்தது. இரண்டாவது வீச்சுக்கு முன் நாகலெட்சுமி நொண்டிக்கொண்டே வந்து அந்தக் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அடித்துச் சாத்தினாள். ஸ்பானர் கீழே விழுந்தது. பிரியந்தியைத் தலைமுடியோடு வெளியே இழுத்துத் தரையில் போட்டாள்.

பிறகு போனை எடுத்து, பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் சிங்களத்தில் பேசினாள். அழகுமுத்துவின் வேன் சாவி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். என் மேசை மேல், கண் முன்னால் இருக்கிறது என்றார் அவர்.

"அப்போ இங்கே வந்து இன்னொன்றையும் பாருங்கள்" என்றாள். புதிதாக வெட்டிய பித்தளைச் சாவி ஒன்று வேனில் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் சிதறிய பையிலிருந்து அதேபோல் இன்னும் பல சாவிகள் சிந்திக் கிடந்தன.

பிரியந்தி ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி மல்லாந்து கிடந்தாள். "அந்தாளு பொலிஸுக்குப் போறேன்னு சொல்லலங்க" என்றாள். குரலில் வருத்தம் எதுவும் இல்லை, சலிப்புதான் இருந்தது. "பசங்க யாரோ விளையாடியிருக்காங்க, பாத்துக்கங்க தங்கச்சின்னு எனக்குப் புத்தி சொல்லிட்டுக் குனிஞ்சாரு. ஆனா ஊரெல்லாம் வாய் ஓயாம பேசுற ஆளு. இவன் கம்பிய நான் காலையிலேயே கொண்டாந்து வெச்சிட்டேன்."

காலையிலேயே. அழகுமுத்து அவளிடம் வாய் திறப்பதற்கு முன்பே. சாவியில் சோப்பு அப்பியிருக்கிறது என்று அவர் செயலியில் எழுதியிருந்த புகாரை அவள் முதல் நாள் இரவே படித்துவிட்டிருந்தாள். அவர் பேசியிருந்தாலும் பேசாவிட்டாலும் அந்த மத்தியானம் அவருக்கு முடிந்துதான் இருந்தது. கொலையை மூக்கன் தலையில் கட்டினால் கயிறுகளும் ஒழியும். அதை உறுதிப்படுத்தத்தான் ஹட்டன் வரைக்கும் வந்து அழுதிருக்கிறாள்.

நாகலெட்சுமி மூக்கனிடம் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். அவன் பாதம் திரும்பிக் கிடந்தது. ஹுசைன் தன் தொப்பியைக் கழற்றி அவன் தலைக்கு அடியில் வைத்திருந்தார். லோஜனின் மூக்கை உடைத்ததற்குப் புகார் எழுதவா என்று ஜீப்பில் வந்த பொலிஸ்காரர் கேட்டார். கதவில் இடித்துக்கொண்டேன் என்றான் லோஜன்.

சாயந்தரம் அவர்கள் டயகமவுக்குப் போனார்கள். செய்தியை டிவிக்காரன் சொல்வதற்கு முன் அழகுமுத்துவின் மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்று நாகலெட்சுமி பிடிவாதமாக இருந்தாள். தொடையில் கட்டோடு தோட்டத்து லயன் வீட்டுப் படிகளை ஏறினாள். மனைவியின் பெயர் அம்மாக்கண்ணு. நடந்ததை முழுக்கக் கேட்டாள்.

"பொம்பளப் புள்ளையா?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆமாங்க."

"அவருக்குத் தெரிஞ்ச புள்ளையா?"

"தெரிஞ்ச புள்ளதான்."

அம்மாக்கண்ணு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப சாப்பிட்டியாம்மான்னு கேட்டிருப்பாரு" என்றாள். "யாரைப் பாத்தாலும் மொதல்ல அதத்தான் கேப்பாரு."